கை தப்பா, டச்பேட் தப்பா?

லேப்டாப்பில் மும்முரமாக டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது கர்சர் திடீரென்று நாலு வரி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அடிப்பவருக்கு அது தெரியாது. நிமிர்ந்து பார்த்தால், ஐந்தாவது பத்தியில் இருக்கவேண்டிய வாக்கியம் இரண்டாவது பத்தியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு நடுவில் நிற்கும். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் அண்ணாமலைநகர் வரைக்கும், சொந்த லேப்டாப்பில் அசைன்மெண்ட் அடிக்கிற மாணவர்களைக் கேட்டால் இந்தக் கதையைச் சொல்வார்கள். யாரிடம் போய்ப் புலம்பினாலும் கிடைக்கிற பதிலையும் சேர்த்தே சொல்வார்கள்.

"உன் கை பட்டிருக்கும்."

கை பட்டிருக்கும்தான். யார் இல்லை என்றது? ஆனால் லேப்டாப்பில் கீபோர்டுக்குக் கீழே இருக்கிற அந்த இடத்துக்குப் பெயரே பாம் ரெஸ்ட். உள்ளங்கை வைத்துக்கொள்ளத்தான் அந்த மேடை. கை வைக்க மேடையும் கட்டிவிட்டு, அதே மேடைக்கு நடுவில் கை பட்டால் வேலையைக் கெடுக்கிற ஒரு பலகையையும் பதித்துவிட்டு, கடைசியில் "கையைப் பார்த்து வை தம்பி" என்றால் அது என்ன நியாயம்? நடைபாதை நடுவில் பள்ளத்தைத் தோண்டிவிட்டு, விழுந்தவனைப் பார்த்து "கண்ணு தெரியல?" என்று கேட்கிற கான்ட்ராக்டர் நியாயம்தான் இது.

இதெல்லாம் ஒரு மேட்டரா, நாட்டில் வேறு பிரச்சனையே இல்லையா என்று கேட்கும் புண்ணியவான்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டட்டும்.

*

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அது தெரியாததால்தான் ஆளாளுக்குக் கையைக் குறை சொல்கிறார்கள்.

டச்பேடின் மேல்தோலுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்தடங்கள் வலை மாதிரி ஓடுகின்றன. விரல் பக்கத்தில் வந்தால் அந்தத் தடங்களின் மின்தேக்கத் திறன் கொஞ்சம் மாறும். எந்த இடத்தில் மாறியது, எவ்வளவு பரப்பில் மாறியது, எவ்வளவு நேரம் மாறியது என்று ஒரு குட்டி சிப் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். விரல் நகர்ந்தால் அம்புக்குறி நகரும். விரல் சட்டென்று பட்டு, நகராமல், சட்டென்று விலகினால் அதற்குப் பெயர் டேப். அதாவது கிளிக் செய்ததற்குச் சமம்.

உள்ளங்கை முழுசாகப் படிந்தால் சிப் கண்டுபிடித்துவிடும். பெரிய பரப்பு, இது விரல் இல்லை என்று ஒதுக்கிவிடும். இதைத்தான் கம்பெனிக்காரர்கள் பாம் ரிஜெக்ஷன் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் டைப் அடிக்கும்போது உள்ளங்கை முழுசாகப் படிவதில்லை. ஸ்பேஸ்பாரை அடிக்கக் கட்டைவிரல் இறங்கும்போது அதன் அடிச்சதை லேசாக உரசிவிட்டுப் போகிறது. சின்னப் பரப்பு, கண நேரம், நகர்வும் கிடையாது. சிப்பின் கணக்குப்படி இது அச்சு அசல் விரல் தட்டு. உடனே கிளிக்!

கர்சர் எங்கே தாவும்? அம்புக்குறி கடைசியாக எங்கே நின்றதோ அங்கே. "பேய் மாதிரி கர்சர் தானா குதிக்குது" என்கிறார்களே, பேயும் இல்லை, வைரஸும் இல்லை. எழுத்துகளுக்கு நடுவே அம்புக்குறி சும்மா நின்றுகொண்டிருக்கும். கட்டைவிரல் உரசியதும் அந்த இடத்தில் ஒரு கிளிக் விழும். அதன் பிறகு அடிப்பதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. இரண்டு உரசல் அடுத்தடுத்து விழுந்து, இரண்டாவது உரசலில் கை கொஞ்சம் நகர்ந்துவிட்டால், அது டேப் அடித்து இழுத்ததாகக் கணக்கு. நாலைந்து வரி செலக்ட் ஆகிவிடும். அடுத்து அடிக்கிற ஒரே ஒரு எழுத்து அந்த நாலைந்து வரியையும் விழுங்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உடனே பார்த்துவிட்டால் கன்ட்ரோல் இசட் போட்டு மீட்கலாம். பார்க்காமல் சேவ் செய்து மூடிவிட்டால் போனது போனதுதான்.

*

இந்தக் கோளாறு வானத்திலிருந்து விழவில்லை. தேதி சொல்லலாம்.

1991 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி பவர்புக் லேப்டாப்புகளை வெளியிட்டது. அதற்கு முந்தைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் கீபோர்டு முன் விளிம்பை ஒட்டியே இருக்கும். பவர்புக்கில் கீபோர்டைத் திரைப்பக்கமாகப் பின்னுக்குத் தள்ளி, முன்னால் கை வைக்க மேடை கட்டினார்கள். மேடையின் நடுவில் ஓர் உருண்டை, டிராக்பால். உருட்டினால்தான் அம்புக்குறி நகரும். கிளிக் செய்யத் தனிப் பொத்தான். உள்ளங்கை லேசாகப் பட்டதற்கெல்லாம் கிளிக் விழாது. 1992ல் ஐபிஎம் தன் திங்க்பேடில் வேறு வழி பிடித்தது. கீபோர்டுக்கு நடுவிலேயே சிவப்பாக ஒரு குமிழ். அதுவும் கை மேடையை விட்டுத் தள்ளியே இருந்தது.

1994ல் பவர்புக் 500 வரிசையில் உருண்டையை எடுத்துவிட்டு டச்பேடைப் பதித்தார்கள். பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. கை மேடை அப்படியே இருந்தது. அதன் நடுவில் இருந்த பொருள் மட்டும் மாறியது. பிறகு தட்டினாலே கிளிக் என்ற வசதி பரவியது. அதன் பிறகு பெரிதாக இருந்தால்தான் அழகு என்று டச்பேடை வளர்த்துக்கொண்டே போனார்கள். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் இருந்தது இன்று கிட்டத்தட்ட போஸ்ட் கார்டு அளவுக்கு வந்துவிட்டது. மேடையில் கை வைக்க மிச்சம் இருப்பது இரண்டு ஓரம்தான்.

15.6 இன்ச் லேப்டாப்புகளில் இன்னொரு கூத்து. வலது பக்கம் நம்பர் பேட் வருவதால் எழுத்து விசைகள் இடது பக்கம் ஒதுங்கிவிடும். ஸ்பேஸ்பாரும் கூடவே ஒதுங்கும். டச்பேடை மட்டும் பெட்டியின் நட்டநடுவில் வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் டைப் அடிப்பவரின் வலது உள்ளங்கை நேராக அதன் தலையில் வந்து இறங்கும். லட்சணம் பார்த்தவர்கள் அதில் ஒரு பக்கம் டைப் அடித்துப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

*

இந்த விஷயத்தில் பெரிய காமெடி, தண்டனை யாருக்கு என்பதுதான்.

ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்துகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர் கை காற்றில்தான் மிதக்கிறது. கண்ணும் நிமிஷத்துக்குப் பத்துத் தடவை திரைக்குப் போய் வருகிறது. கர்சர் தாவினால் உடனே பிடித்துவிடுவார். பத்து விரலாலும் முறையாக அடிக்கக் கற்றுக்கொண்டவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. குரூப் 4 தேர்வில் டைப்பிஸ்ட் வேலைக்கு லோயர், ஹையர் சர்டிபிகேட் தேவைப்படுவதால் காலேஜ் முடித்து நேராக அங்கே போகிறவர்கள் உண்டு. அங்கே சொல்லித்தருவது என்ன? கண் புத்தகத்தில், விரல் விசையில். விசையைப் பார்க்கக்கூடாது. அடித்ததை அடிக்கடி எட்டிப் பார்க்கக்கூடாது. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. வார்த்தைக்கு ஐந்து தட்டு என்று வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு 150 அல்லது 225 தட்டு. இந்த வேகத்தில் அடிப்பவர் பத்து விநாடி திரையைப் பார்க்காமல் இருந்தால் 25லிருந்து 37 எழுத்து வரைக்கும் தப்பான இடத்தில் போய்க் குவிந்திருக்கும். அரை நிமிஷம் என்றால் ஒரு முழு வாக்கியமே காலி.

ஃபீஸ் கட்டி, விடியற்காலையில் எழுந்து போய், மாதக்கணக்கில் தட்டிக் கற்றுக்கொண்ட ஒரு திறமை. அதை லேப்டாப்பில் காட்டினால் தண்டனை. தெரியாதவனுக்குச் சலுகை, தெரிந்தவனுக்கு அபராதம். இப்படி ஒரு கருவியைச் செய்துவிட்டு அதற்கு "ஸ்மார்ட்" என்று வேறு பெயர் வைக்கிறார்கள்.

"டைப்ரைட்டிங்கில் மணிக்கட்டைத் தூக்கித்தானே அடிப்பாங்க, லேப்டாப்பிலும் அப்படியே அடிக்கவேண்டியதுதானே?" என்று ஒரு கேள்வி வரும். டைப்ரைட்டரில் கை வைக்க மேடையே கிடையாது. உயரம் பார்த்துப் போட்ட மேசை, நிமிர்ந்து உட்கார ஸ்டூல், தலைக்கு மேல் நின்று அதட்ட ஒரு மாஸ்டர், எல்லாம் அங்கே உண்டு. ஹாஸ்டல் அறையில் கட்டிலில் சம்மணம் போட்டு, தலையணை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிப்பவர் எத்தனை நேரம் மணிக்கட்டைத் தூக்கிப் பிடிப்பார்? அரை மணி நேரத்தில் தோள் வலிக்கும். கை தானாக மேடையில் இறங்கும். இறங்கத்தானே மேடை?

*

தமிழில் அடிப்பவர்களுக்கு இரட்டைத் தண்டனை.

இ-கலப்பை காலத்திலிருந்து பலரும் பழகியிருப்பது ஆங்கில ஒலியை வைத்துத் தமிழ் அடிக்கும் முறை. கே விசையை அடித்தால் 'க்' வரும். உடனே யூ விசையை அடித்தால் அது 'கு' ஆகும். முந்தைய எழுத்து என்ன என்பதை மென்பொருள் கவனித்துக்கொண்டிருப்பதால்தான் இந்தச் சேர்க்கை நடக்கிறது. இரண்டு தட்டுக்கும் நடுவில் ஓர் உரசல் விழுந்தால்? 'கு' வரவேண்டிய இடத்தில் இங்கே ஓர் அநாதை 'க்', நாலு வரி தள்ளி அங்கே ஓர் அநாதை 'உ'. 1999ல் வந்த தமிழ்99 விசைப்பலகையிலும் மெய்யும் உயிரும் சேர்ந்துதான் உயிர்மெய் பிறக்கிறது. அங்கேயும் இதே கதைதான்.

ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இரண்டாகப் பிளந்தால் அடியில் சிவப்புக் கோடு போட்டு எம்எஸ் வேர்டு கத்தும். தமிழுக்கு ஸ்பெல்செக் போட்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? பிழை சத்தமில்லாமல் உள்ளேயே இருக்கும். பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு, கைடு மேசையில் வைத்த பிறகுதான் அந்த அநாதை 'உ' பல்லை இளிக்கும். தலைகுனிவது அடித்த மாணவர்தான். "தமிழ்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியல" என்று பேச்சும் வாங்குவார்.

*

காமர்ஸ் மாணவர்களுக்கு இது மானப் பிரச்சனை மட்டும் இல்லை, கணக்குப் பிரச்சனையும்கூட.

எக்செல்லில் 45000 என்று ஒரு செல்லில் அடிக்கிறார்கள். 450 வரை வந்ததும் ஓர் உரசல். 450 என்பது அந்த செல்லில் அப்படியே பதிவாகிவிடும். மிச்சம் இருக்கிற இரண்டு பூஜ்யம் அம்புக்குறி நிற்கிற வேறு ஏதோ செல்லில் போய் விழும். அந்த செல்லில் ஏற்கெனவே ஒரு தொகை இருந்தால் அது அழிந்து, அந்த இடத்தில் பூஜ்யம் உட்காரும். ஓர் உரசலில் இரண்டு தப்பு.

ஃபார்முலா அடிக்கும்போது இன்னும் விசேஷம். சமக்குறி போட்டு ஃபார்முலா அடிக்க ஆரம்பித்த பிறகு வேறொரு செல்லில் கிளிக் விழுந்தால், எக்செல் அந்த செல்லின் முகவரியை ஃபார்முலாவுக்குள் சேர்த்துக்கொள்ளும். சில நேரம் எர்ரர் காட்டும், சில நேரம் காட்டாது. காட்டாவிட்டால் விடை தப்பு என்பது யாருக்கும் தெரியாது.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் உள்ளே பிழை இருக்கலாம் என்று முதல் வருஷத்திலேயே படிக்கிறார்கள். எர்ரர் ஆஃப் ஒமிஷன், எர்ரர் ஆஃப் கமிஷன், எர்ரர் ஆஃப் பிரின்சிபிள், காம்பென்சேட்டிங் எர்ரர். பாடப்புத்தகம் எழுதியவர்கள் எர்ரர் ஆஃப் கட்டைவிரல் என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் :-)

சிரித்தாலும் விஷயம் சிரிப்பு இல்லை. இதே மாணவர்கள்தான் நாளைக்கு ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்வார்கள், கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு அடிப்பார்கள். ஒரு தொகையில் இரண்டு பூஜ்யம் காணாமல் போனால் கை நீளுவது லேப்டாப்பை நோக்கி அல்ல, அடித்த பையனை நோக்கி, அடித்த பெண்ணை நோக்கி. முதல் வேலையில் முதல் மாதத்தில் "கவனம் இல்லாதவன்" என்று பெயர் விழுந்தால் அதைத் துடைக்க ரொம்ப நாள் ஆகும்.

இதில் டேலி மென்பொருளைப் பாராட்டவேண்டும். அதில் கிட்டத்தட்ட எல்லா வேலையும் கீபோர்டிலேயே முடியும். எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். டச்பேடை மூடிவைத்துவிட்டே நாள் முழுக்க என்ட்ரி போடலாம். பெங்களூரில் செய்த ஒரு மென்பொருளுக்கு, அடிக்கிறவர் கை விசையை விட்டு நகரக்கூடாது என்பது எண்பதுகளின் கடைசியிலேயே புரிந்திருந்தது. லேப்டாப் கம்பெனிகளுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை.

*

இனி, வழக்கமாக வரும் பதில்கள்.

1. "மவுஸ் வாங்கிக்கோ." சில நூறு ரூபாய்தானே என்பார்கள். லேப்டாப்புக்குக் கொடுத்த விலையில் டச்பேடும் சேர்த்திதான். அதன் தொல்லையிலிருந்து தப்பிக்க இன்னொரு பொருளுக்குப் பணம் கொடு என்றால் என்ன வியாபாரம் இது? சரி, வாங்கிவிட்டார் என்றே வைத்துக்கொண்டாலும் தீராது. விண்டோஸில் மவுஸைச் செருகினாலும் டச்பேட் தானாக அணையாது. அணையச் சொல்லித் தனியாக செட்டிங்ஸில் டிக் எடுக்கவேண்டும். அதுவரைக்கும் மவுஸும் இருக்கும், உரசலும் இருக்கும்.

2. "செட்டிங்ஸ்ல மாத்திக்கோ." மாற்றலாம்தான். மாற்றவேண்டும் என்று யாருக்குத் தெரியும்? 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டராக அந்த லேப்டாப்தான் உள்ளே வந்தது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் "உலகம் உங்கள் கையில்" என்ற பெயரில் வழங்கவும் தொடங்கினார்கள். உலகம் கையில் வந்தது சந்தோஷம். கை பட்டதும் கர்சர் ஏன் ஓடுகிறது என்று அந்த முதல் தலைமுறை மாணவருக்கு யார் சொல்வது? கோளாறு மெஷினில் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. தனக்குத்தான் இங்கிலீஷும் தெரியவில்லை, கம்ப்யூட்டரும் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். அது தப்பு, அந்த நினைப்பை உண்டாக்குவது அதைவிடத் தப்பு.

3. "புது லேப்டாப்ல இதெல்லாம் கிடையாது." குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. புதுசு வாங்கும் வசதி எல்லோருக்கும் இருக்கிறதா என்ன? அண்ணன் படித்து முடித்ததும் தங்கைக்கு, தங்கை முடித்ததும் சித்தப்பா பையனுக்கு என்று ஒரே லேப்டாப் ஐந்தாறு வருஷம் கை மாறுகிற வீடுகள்தான் இங்கே அதிகம்.

4. "டைப் அடிக்கும்போது அணைஞ்சா கேம் ஆட முடியாது." இது நியாயமான பேச்சு. இடது கையால் விசையை அழுத்திக்கொண்டே வலது கையால் டச்பேடில் குறி பார்ப்பவருக்கு அது அணைந்தால் கஷ்டம்தான். அதேபோல, பொத்தானை அழுத்தும் அளவுக்கு விரலில் வலு இல்லாதவருக்கு லேசாகத் தட்டினால் கிளிக் ஆவது பெரிய உதவி. அவர்களுக்காக அந்த வசதி இருக்கட்டும். இருக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எது வேண்டும் என்று முதல் நாளே கேள் என்பதுதான் கோரிக்கை.

*

எல்லாப் பழியையும் டச்பேட் தலையிலேயே கட்டிவிடவும் முடியாது. கர்சர் ஆடுவதற்கு வேறு மூன்று காரணங்களும் உண்டு. இவற்றுக்கும் கையைத்தான் திட்டுகிறார்கள்.

ஒன்று, எர்த். சார்ஜரின் மூன்று முள் பிளக்கைச் செருக இடம் இல்லாமல், டூ பின் கன்வர்ட்டர் போட்டுச் செருகுவார்கள். அதோடு எர்த் இணைப்பு போய்விடும். பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை இருந்தும் பின்னால் எர்த் கம்பியே இல்லாத போர்டுகளும் உண்டு. அப்போது சார்ஜரிலிருந்து கசிகிற சின்ன மின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் லேப்டாப்பிலேயே நிற்கும். மெட்டல் உடம்பாக இருந்தால் தொடும்போது சுரீர் என்று லேசாகக் கூசும். மின்தேக்கத்தை அளந்து பிழைக்கிற டச்பேடுக்கு இந்த இரைச்சலில் விரல் எது, வெறும் காற்று எது என்று புரியாது. சோதித்துப் பார்ப்பது சுலபம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிஷம் அடித்துப் பார்க்கவேண்டும். ஆட்டம் நின்றால் கோளாறு சுவரில்.

இரண்டு, வேர்வை. கடலூர் கடலோர ஊர். சித்திரை வைகாசியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் உள்ளங்கை ஈரமாகவே இருக்கும். ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். டச்பேடில் ஒரு துளி வேர்வை நின்றாலும் சிப் குழம்பும். ஒரு காய்ந்த துணியை வைத்துக்கொண்டு அடிக்கடி துடைத்தால் பாதித் தொல்லை குறையும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. டச்பேட் ஒரு பக்கம் மேலே எழும்பியிருந்தால், அல்லது பொத்தான் அழுத்தவே முடியாமல் இறுகிப்போனால், அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு உண்டு. பல லேப்டாப்புகளில் பேட்டரி டச்பேடுக்குக் கீழே, கை மேடைக்கு அடியில்தான் இருக்கிறது. உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அதை அழுத்திச் சரிசெய்யவோ குத்திப் பார்க்கவோ கூடாது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோகவேண்டும். "கை பட்டிருக்கும்" என்று யாராவது சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தால் இந்த எச்சரிக்கையும் கண்ணில் படாமல் போய்விடும். கையைக் குறை சொல்லும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

*

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்றால், கேட்பது நாலே நாலு.

லேப்டாப்பை முதல் தடவை ஆன் செய்யும்போது மொழி எது, நேரம் எது என்று கேட்கிறார்களே, அதோடு "தட்டினால் கிளிக் ஆகவேண்டுமா?" என்று இன்னொரு கேள்வி சேரட்டும். அதுவரை அந்த வசதி அணைந்தே இருக்கட்டும். இது முடியாத காரியம் இல்லை. ஆப்பிள் லேப்டாப்புகளில் தட்டினால் கிளிக் என்பது பெட்டியிலிருந்து எடுக்கும்போது அணைந்துதான் இருக்கும். வேண்டுமென்பவர் போட்டுக்கொள்வார்.

விசை அடிபடும்போதும் அடுத்த சில கணங்களுக்கும் டச்பேட் தூங்கட்டும். லினக்ஸில் டச்பேடைக் கவனித்துக்கொள்ளும் லிப்இன்புட் இதை யாரும் கேட்காமலே செய்கிறது. காசு வாங்காமல் எழுதிக் கொடுப்பவர்களால் முடிகிறது, காசு வாங்கி விற்பவர்களால் முடியாதா?

டச்பேடை அணைக்கத் தனியாக ஒரு விசை, அணைந்திருக்கிறது என்று காட்ட ஒரு சின்ன விளக்கு. சில மாடல்களில் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாவற்றிலும் வரட்டும்.

அரசு லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கும்போது ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று எழுதிக் கேட்கிறது. அந்தப் பட்டியலில் டச்பேடுக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். பெட்டிக்குள் தமிழில் ஒரே ஒரு பக்கம் விளக்கத்தாள் வைக்கட்டும். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் எந்தக் கம்பெனியும் மாட்டேன் என்று சொல்லாது. தனி ஆளாக ஒரு மாணவர் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் கிடைக்காத மரியாதை அங்கே கிடைக்கும். காலேஜ்களும் முதல் செமஸ்டர் கம்ப்யூட்டர் பிராக்டிகலில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

*

அதுவரைக்கும் பொறுக்க முடியாதவர்களுக்கு, சுருக்கமாக:

- விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட் என்று போகவும். டேப்ஸ் என்ற பகுதியில் சென்சிட்டிவிட்டி மீடியத்தில் இருந்தால் லோவுக்கு மாற்றவும். அதிலும் தீராவிட்டால் ஒற்றை விரல் தட்டினால் கிளிக் ஆகும் என்ற டிக்கை எடுத்துவிடவும். பொத்தானை அழுத்திக் கிளிக் செய்யப் பழக இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான்.
- மவுஸ் வைத்திருப்பவர்கள், மவுஸ் செருகியிருக்கும்போதும் டச்பேட் ஆனில் இருக்கட்டும் என்கிற டிக்கை அதே பக்கத்தில் எடுத்துவிடவும்.
- லினக்ஸ் என்றால் டச்பேட் செட்டிங்ஸில் டிஸேபிள் வைல் டைப்பிங் ஆனில் இருக்கிறதா என்று பார்க்கவும்.
- எதுவும் செய்ய முடியாத அடுத்தவர் லேப்டாப்பாக இருந்தால், டைப் அடிக்க ஆரம்பிக்கும் முன் அம்புக்குறியை எழுத்துகளை விட்டுத் திரையின் ஓரத்துக்குத் தள்ளிவிடவும். உரசல் விழுந்தாலும் வாக்கியத்துக்கு நடுவில் விழாது. கர்சர் விட்டுப்போனாலும் அடித்தது கலையாது.

நாலு டிக்கில் முடிகிற விஷயத்துக்கு இவ்வளவு நீளப் பதிவா என்று கேட்கலாம். அந்த நாலு டிக்கையும் லேப்டாப் செய்தவர்களே போட்டு அனுப்பியிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. அவர்கள் போடும்வரைக்கும், அடுத்த தடவை யாராவது கர்சர் குதிக்கிறது என்று புலம்பினால் "உன் கை பட்டிருக்கும்" என்று சொல்வதையாவது நிறுத்தலாம். டச்பேட் செட்டிங்ஸைத் திறந்து காட்டிவிட்டுப் போகலாம்.

டிஸ்கி: இது எந்தக் கம்பெனியையும் தனியாகக் குறிவைத்து எழுதப்பட்டதல்ல. இந்த விஷயத்தில் பல கம்பெனிகளும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். டச்பேட் இல்லாத டெஸ்க்டாப்பில் கடகடவென்று அடித்துத் தள்ளும் டிடிபி சென்டர் அக்காக்களுக்கு இந்தப் பதிவு புரியாமல் போகலாம். அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.